வேலூர் வீட்டு ஹாலில் ப்ளூ-ரே: பிளேயரைத் தேர்ந்தெடுப்பதும் சரியாகப் பொருத்துவதும்

பிளேயர் வாங்கக் கிளம்பும் முன் டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது, எதன் பக்கத்தில் ‘4கே 60 ஹெர்ட்ஸ்’, ‘ஹெச்டிசிபி 2.2’, ‘ஏஆர்சி’, ‘இஏஆர்சி’ என்று அச்சிட்டிருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹெச்டிசிபி 2.2’ என்பது 4கே படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டு; ‘ஏஆர்சி’, ‘இஏஆர்சி’ இரண்டும் டிவியிலிருந்து ஒலியைச் சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ அனுப்பும் வழிகள். ரிசீவரோ (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) சவுண்ட்பாரோ இருந்தால் அதையும் இப்படியே பார்த்து எழுதுங்கள். எந்த பிளேயர் வாங்குவது என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். விலை கூடிய பிளேயரை வாங்கிவந்து பழைய ரிசீவர் வழியாக இணைத்துவிட்டு, 4கே டிஸ்க் போட்டும் படம் 1080-லேயே (ஃபுல் ஹெச்டி) நிற்கிறதே என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

ஓடிடி இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். பதில் பிட் ரேட்டில் இருக்கிறது. ஓடிடியில் 4கே படம் பெரும்பாலும் வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகத்தில்தான் வருகிறது. சாதாரண ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். 4கே ப்ளூ-ரேயில் மொத்தம் 128 வரை. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைவது, புகை, மழை, தூசி பறக்கும் இடங்களில் படம் கொழகொழப்பது எல்லாம் இந்த வித்தியாசத்தால் வருவதே. ஒலியில் இடைவெளி இன்னும் பெரிது. டிஸ்க்கில் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்று எதையும் இழக்காத ஒலித்தடம் இருக்கும்; ஓடிடியில் வருவது நன்றாகச் சுருக்கப்பட்டது. கரண்ட் இருந்து நெட் தடுமாறும் மாலையிலும் டிஸ்க் ஓடும் என்பது கூடுதல் லாபம்.

டிஸ்க்கைப் பற்றி முதலில் கொஞ்சம்

டிவிடி சிவப்பு லேசரில் ஓடுவது, 650 நானோமீட்டர். 2006-ல் வந்த ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். அலை சிறியதானதால் குழிகளும் சிறியதாயின. டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளும் என்றால் ப்ளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி. 2016-ல் வந்த 4கே ப்ளூ-ரேயில் 66, 100 ஜிபி டிஸ்க்குகளும் உண்டு.

கடையில் பலர் குழம்பிப் போகிற விஷயம் ஒன்று: 4கே டிஸ்க் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. மாறாக, 4கே பிளேயரில் சாதாரண ப்ளூ-ரே, டிவிடி இரண்டும் ஓடும். சாதாரண ப்ளூ-ரே நீலப் பெட்டியில் வரும், 4கே டிஸ்க் கறுப்புப் பெட்டியில் வரும். ஆன்லைனில் வாங்கும்போது படத்தை உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய விசிடி பெட்டி நிறைய வைத்திருப்பவர்கள், எடுக்கப்போகும் மாடல் விசிடியைப் படிக்குமா என்று கையேட்டில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். எல்லா மாடலும் படிப்பதில்லை.

அடுத்தது மண்டலப் பூட்டு: ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாமல் தடுப்பது. ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். இந்தியா சி. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் ஏ. ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் பி. டிவிடியில் நமக்கு 5. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வெளிநாட்டு உறவு இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து வரும் உறவினரிடம் டிஸ்க் வாங்கிவரச் சொல்லும் முன் இந்த எழுத்தைச் சொல்லிவிடுங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்குக்கு இருக்கலாம்.

பிளேயரையே வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘110–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் கவலையில்லை. ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. நம் 230-ல் செருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போய்விடும். ஜப்பான் கருவிகள் 100 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம்தான். என்றாலும் ஒருநாள் யாராவது தெரியாமல் நேராகச் செருகிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கும். வளைகுடா, சிங்கப்பூர், இங்கிலாந்துக் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ப்ளக் முனைதான் வேறாக இருக்கும்.

எந்த பிளேயர்

டிவி 1080 தான், இன்னும் சில வருடங்களுக்கு மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் சாதாரண ப்ளூ-ரே பிளேயரே போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் வந்திருப்பது குறைவு. பெரும்பாலும் சாதாரண ப்ளூ-ரேதான். 4கே டிவி வைத்திருப்பவர்கள், அல்லது சீக்கிரம் வாங்கப்போகிறவர்கள், 4கே பிளேயரை எடுப்பதே சரி.

தேர்வு செய்யும் அளவுக்கு மாடல்கள் இப்போது அதிகமில்லை. ஓப்போ 2018-ல் விலகியது. சாம்சங் 2019-ல் அமெரிக்கச் சந்தைக்குப் புது பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது. பின்னால் எல்ஜியும் ஒதுங்கிவிட்டது. சந்தையில் சோனியும் பானசோனிக்கும்தான் முக்கியமாக நிற்கின்றன. வேலூரில் டிவி ஷோரூம்கள் எத்தனை இருந்தாலும் பிளேயர் அலமாரியில் கிடைப்பது அரிது. ஆன்லைன், அல்லது சென்னை ரிட்சி தெரு என்றுதான் போக வேண்டியிருக்கும்.

மாடல்களைப் பார்க்கும் முன் ஒரு சொல்: ஹெச்டிஆர் என்பது படத்தின் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை; ஹெச்டிஆர்10, ஹெச்டிஆர்10+, டால்பி விஷன் அதன் வகைகள். சோனி யுபிபி-எக்ஸ்700 பலருக்கும் போதுமானது. டால்பி விஷன் உண்டு. இரண்டு ஹெச்டிஎம்ஐ அவுட் உண்டு. ஒன்று படத்துக்கும் ஒலிக்கும், இன்னொன்று ஒலிக்கு மட்டும். எஸ்ஏசிடி என்ற உயர்தர ஆடியோ டிஸ்க்கையும் படிக்கும். ஹெச்டிஆர்10+ கிடையாது. பானசோனிக் டிபி-யுபி820 விலை கூடியது. டால்பி விஷன், ஹெச்டிஆர்10+ இரண்டும் உண்டு, 7.1 அனலாக் அவுட்டும் உண்டு. அதன் உண்மையான பலம் ‘ஹெச்டிஆர் ஆப்டிமைசர்’. டிஸ்க்கில் இருக்கும் அதிகப்படி வெளிச்சத்தை உங்கள் டிவியோ புரொஜெக்டரோ தாங்கும் அளவுக்கு அது அடக்கித் தரும். வெளிச்சம் குறைந்த டிவிக்கும் புரொஜெக்டருக்கும் இதுதான் என் தேர்வு. எஸ்ஏசிடி கேட்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

சாம்சங் டிவியில் டால்பி விஷன் கிடையாது, ஹெச்டிஆர்10+ தான். எனவே சாம்சங் வைத்திருப்பவர்கள் டால்பி விஷனுக்காகக் கூடுதல் பணம் தருவதில் அர்த்தமில்லை. ஹெச்டிஆர் உள்ள எந்த 4கே டிஸ்க்கிலும் அடிப்படையாக ஹெச்டிஆர்10 இருக்கும். ஆகவே எந்தச் சேர்க்கையிலும் படம் வராமல் போகாது.

விளையாட்டுக் கன்சோல் வீட்டில் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ம் 4கே ப்ளூ-ரே ஓட்டும். பிளேஸ்டேஷன் 4, 4 ப்ரோ இரண்டும் ஓட்டாது. பிளேஸ்டேஷன் 5-ல் டிஸ்க்குக்கு டால்பி விஷன் வராது, ஆடியோ சிடியும் பாடாது. மாதம் ஒரு டிஸ்க் பார்ப்பவருக்கு இது போதும்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் 50 ஜிபி டிஸ்க் ஒன்றும், முடிந்தால் 100 ஜிபி டிஸ்க் ஒன்றும் கையோடு கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் போதாது. நடுவில் அடுக்கு மாறும் இடத்துக்கும், கடைசி அத்தியாயத்துக்கும் தாவிப் பாருங்கள். களைத்த லேசர் அங்கேதான் திணறும். தட்டு இரண்டு மூன்று முறை தயங்காமல் வெளியே வந்து போக வேண்டும். ரிமோட் இல்லாத பிளேயரை வாங்காதீர்கள். செட்டிங் முழுவதும் ரிமோட்டில்தான்.

வைக்கும் இடம்: வெயில், புழுதி, எர்த்

சித்திரை, வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத ஹாலுக்குள்ளேயே 35 சாதாரணம். பல பிளேயர்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலையின் மேல் எல்லையே 35 டிகிரிதான். இந்த நிலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பிளேயரை வைத்து, மேலே பூ வேலை செய்த துணியையும் விரித்தால், இரண்டாவது மணி நேரத்தில் படம் உறையத் தொடங்கும். டிஸ்க் பழுது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்போம். லேசருக்குச் சூடு தாங்கவில்லை என்பதே காரணம். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிடுங்கள், அல்லது படம் முடியும்வரை திறந்தே வையுங்கள். மேலேயும் பக்கங்களிலும் 10 செ.மீ. இடம் விடுங்கள். ரிசீவர் மேல் பிளேயரை ஏற்றாதீர்கள். அந்த அடுக்கில் மிக அதிகம் கொதிப்பது ரிசீவர்தான். ‘குவிக் ஸ்டார்ட்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அணைத்த பிறகும் பிளேயர் பாதி விழித்தே இருக்கும்.

சத்துவாச்சாரி, காட்பாடி மலையடிவாரப் பக்கம் வறண்ட மாதங்களில் புழுதி வந்துகொண்டே இருக்கும். தட்டைத் திறந்தபடி விடக் கூடாது. வாரம் ஒருமுறை காய்ந்த மெல்லிய துணியால் வெளியே துடைத்தால் போதும். காற்றுத் துளைக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல். ஏசி அறையில் குளிர்ந்திருந்த பிளேயரை ஈரமான ஹாலுக்கு மாற்றினால் லென்ஸில் பனி படியும். ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஹெச்டிஎம்ஐ போர்ட் எரிந்துபோக இதுவும் ஒரு காரணம். டிவியின் கேபிளைச் செருகும்போது விரலில் சுருக்கென்று தட்டினால், வீட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். மூன்று துளை சாக்கெட் இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மேல் துளையில் வயரே இல்லாத வீடுகள் பழைய குடியிருப்புகளில் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்ட்டிமீட்டரில் இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. அதைவிட மிகுந்தால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். பாறையும் வறண்ட மண்ணும் உள்ள இடங்களில் கோடையில் குழி காய்ந்து எர்த் பலவீனமாகும். அந்த மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்றிவருவது பழைய வழக்கம், இன்றும் பலன் தருவது.

எர்த் எப்படி இருந்தாலும் ஒரு பழக்கம் கட்டாயம்: டிவி, பிளேயர், ரிசீவர் எல்லாவற்றையும் சுவிட்ச் போர்டில் அணைத்த பிறகே ஹெச்டிஎம்ஐயைச் செருகவோ பிடுங்கவோ வேண்டும்.

பிளேயருக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும், ஆனால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், பவர் சப்ளையும் சூடாகும். கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்; திரும்பி வந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். கருவிகளை அடிப்பது பெரும்பாலும் கரண்ட் திரும்பும் கணத்து எழுச்சிதான். கோடை மழையில் இடி தொடங்கினால் ப்ளக்கோடு கேபிள் டிவி ஒயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் உள்ளே வரும்.

கேபிளும் இணைப்பும்

4கே-க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்று சான்று பெற்ற ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். வினாடிக்கு 18 கிகாபிட் தாங்கும். ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ 48 வரை தாங்கும். பிளேயருக்கு அவ்வளவு தேவையில்லை, விலை வித்தியாசம் சிறிதென்றால் எடுக்கலாம். தங்க முலாம், துணி உறை இவற்றுக்காக அதிகம் கொடுக்காதீர்கள். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் தொல்லை வருவது அரிது. ஐந்து மீட்டரைத் தாண்டினால் செம்புக் கேபிள் நம்பகமில்லை; ஃபைபர் ஹெச்டிஎம்ஐக்குப் போக வேண்டும். அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ முனை பிளேயர் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை டிவி பக்கம். மாற்றிப் போட்டால் படம் வராது. சுவரில் பள்ளம் வெட்டிப் பைப் போடுவதாக இருந்தால் கேபிளின் தலை நுழையும் அளவுக்கு 32 மி.மீ. பைப்பாவது போடுங்கள். முக்காலங்குல மின்பைப்பில் ஹெச்டிஎம்ஐ தலை சிக்கிக்கொள்ளும். சிமெண்ட் பூசுவதற்கு முன் கேபிளில் படம் ஓட்டிப் பாருங்கள்.

இணைக்கும் வழி உங்கள் தாளைப் பொறுத்தது. ரிசீவரில் ஹெச்டிசிபி 2.2 இருந்தால் பிளேயரிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி, இதுவே நேர்வழி. ரிசீவர் பழையது என்றால் இரண்டு அவுட் உள்ள பிளேயரின் முதல் அவுட்டை டிவிக்கும், ஒலிக்கான அவுட்டை ரிசீவருக்கும் கொடுங்கள். படமும் குறையாது, ஒலியும் குறையாது. நல்ல பழைய ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சவுண்ட்பார் மட்டும் இருந்து அதில் ஹெச்டிஎம்ஐ இன் இருந்தால் பிளேயரை அதிலேயே செருகுங்கள். இன் இல்லாவிட்டால் பிளேயரை டிவியில் செருகி, அங்கிருந்து இஏஆர்சி வழியாகச் சவுண்ட்பாருக்கு ஒலி போக வேண்டும். வெறும் ஏஆர்சியில் ட்ரூஹெச்டியோ டிடிஎஸ்-ஹெச்டியோ போகாது. ஆப்டிகல் ஒயரிலும் அப்படியே. டால்பி டிஜிட்டல் 5.1, சாதாரண டிடிஎஸ், இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி), அத்தோடு அதன் எல்லை முடிந்தது.

டிடிஎஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ப்ளூ-ரேயில் டிடிஎஸ்-ஹெச்டி தடம் மிகச் சாதாரணம். 2018 முதல் வந்த சாம்சங் டிவிகளும், எல்ஜியின் 2020 முதல் 2022 வரையான ஓஎல்இடி மாடல்களும் டிடிஎஸ்ஸை ஏற்காது. அவற்றின் வழியே ஒலி கொடுத்தால் படம் ஓடும், சத்தம் வராது. பிளேயரின் ஒலி செட்டிங்கைப் பிசிஎம் ஆக்கினால் வரும். இஏஆர்சி இருந்தால் பிசிஎம்மிலேயே பல சேனலும் போகலாம். ஏஆர்சி என்றால் இரண்டு சேனலோடு நிற்கும்.

முதல் நாள் செட்டிங்

டிவியில் முதலில் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். பல டிவிகளில் முழு வேகம் அணைக்கப்பட்டே வரும். சோனியில் ‘ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’டை ‘என்ஹான்ஸ்டு’ ஆக்குங்கள். எல்ஜியில் ‘அல்ட்ரா ஹெச்டி டீப் கலர்’. சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’. ஹெச்டிஆர் வரவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல் இதில் தீரும்.

பிறகு பிளேயரை நெட்டில் இணைத்து, ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருள்) புதுப்பித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். டிஸ்க்குகளின் பூட்டுச் சாவிகள் அவ்வப்போது மாறும். பழைய ஃபர்ம்வேரில் புது டிஸ்க் திறக்காமல் போகலாம். வைஃபை எட்டாத அறை என்றால் பென்டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து அதன் வழியாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் பிளேயர் செத்த மாதிரிதான். மின்வாரியம் பராமரிப்பு நிறுத்தம் அறிவித்த நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், இன்வெர்ட்டர் சாக்கெட்டில் செருகிக்கொண்டு செய்யுங்கள்.

பிளேயரில் ரெசல்யூஷன் ‘ஆட்டோ’, டீப் கலர் ‘ஆட்டோ’, 24பி அவுட்புட் ‘ஆன்’ அல்லது ‘ஆட்டோ’. சினிமா வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது. அதை 60-க்கு இழுத்தால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்பட்டு, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் தடுக்கித் தடுக்கி நகரும். 24பி போட்டால் அது தீரும். சோனி எக்ஸ்700-ல் டால்பி விஷனைத் தானாகக் கண்டுகொள்ளும் வசதி இல்லை. டால்பி விஷன் டிஸ்க் போடும்போது ஆன் செய்து, முடிந்ததும் ஆஃப் செய்ய வேண்டும். எப்போதும் ஆனில் விட்டால் மற்ற டிஸ்க்குகளின் நிறம் தவறாகும்.

ஒலியில் ‘டிஜிட்டல் ஆடியோ அவுட்’ ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் (ஒலித்தடத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது). ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ கட்டாயம் ஆஃப். மெனுச் சத்தத்தையும் துணை ஒலியையும் கலக்கும் வசதி அது. ஆனில் இருந்தால் ட்ரூஹெச்டியும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸும் ரிசீவரை எட்டாது. ‘டைனமிக் ரேஞ்ச்’ அடக்கியை ஆஃபில் வையுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு பார்க்கும்போது மட்டும் ஆன் செய்தால் வசனம் மெலிந்து வெடிச்சத்தம் எகிறுவது குறையும்.

டிவியில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடு. முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகிய பின் கடையில் வைத்திருந்த அந்த நீல வெளுப்புக்குத் திரும்ப மனம் வராது. மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், இல்லையென்றால் சினிமா சீரியல் மாதிரி தெரியும். ஷார்ப்னஸ் பூஜ்யத்துக்கு அருகில். சோனி டிவிகளில் மட்டும் 50 தான் நடுநிலை. ஓவர்ஸ்கேன் இருந்தால் அணையுங்கள்: எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’. இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்பட்டு, சப்டைட்டில் அடிவரி போய்விடும்.

உட்காரும் தூரம்: 55 அங்குலத்துக்கு ஐந்தரை அடியிலிருந்து ஏழரை அடி, 65 அங்குலத்துக்கு ஆறரை அடியிலிருந்து ஒன்பது அடி. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் 55 அங்குலத்துக்கு அது தூரம்தான். 4கே-யின் நுணுக்கம் அங்கே வந்து சேராது.

ஸ்பீக்கர்

முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்காருமிடத்திலிருந்து பார்க்க நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரி. சென்டர் டிவிக்குக் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்ந்து. வசனம் தெளிவாகக் கேட்பது அந்த நிமிர்வில்தான் இருக்கிறது. அலமாரியின் உள்ளே தள்ளி வைத்தால் குரல் பானைக்குள்ளிருந்து வரும். பக்க ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, 90 முதல் 110 டிகிரி, காதைவிடக் கொஞ்சம் உயரத்தில். ஒயர் செம்பில் 1.5 சதுர மி.மீ.; பத்து மீட்டர் தாண்டினால் 2.5. பிளஸ், மைனஸ் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டாலும் பேஸ் காணாமல் போகும். ஆகவே எல்லா முனையிலும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசீவர் மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தூரத்தை டேப் பிடித்து அளந்து கொடுங்கள். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் ஒரே கும்மென்று இரையும் பேஸ்தான் கேட்கும். சோபா இருக்கும் இடத்தில் சப்பைத் தற்காலிகமாக வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, அறையின் ஓரமாகக் குனிந்து நடந்து வாருங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கேதான் சப்பை வைக்க வேண்டும்.

நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது கிரானைட், சுவர் வெறும் பெயிண்ட். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். திரும்ப எதிரொலி வரும். அதில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் கரகரக்கும். முன்னால் ஒரு தடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின் சுவரில் புத்தக அலமாரி: இந்த மூன்றும் தரும் முன்னேற்றத்தைப் பிளேயரை மாற்றியும் பெற முடியாது. ஸ்டீல் பீரோ, ஷோகேஸ் கண்ணாடி இவை சப்புக்குக் கூடவே அதிரும்; இடையில் ரப்பர் துண்டு செருகுங்கள்.

தகராறு வந்தால்

படம் நடுவில் ஒரு நொடி கறுத்து மீண்டால் கேபிள் அல்லது போர்ட். படம் ஓடுகிறது, பிளேயரின் மெனு மட்டும் கறுப்பு என்றால் கேபிள் 60 ஹெர்ட்ஸைத் தாங்கவில்லை. படத்துக்கு 24 ஹெர்ட்ஸ் போதும். பல பிளேயர்களில் மெனு 60-ல் வரும். பிளேயரின் நிற செட்டிங்கை 4:2:0 (நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் முறை) ஆக்கிப் பாருங்கள், தீர்ந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டில் முகமே தெரியாமல் மூழ்கினாலோ ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல் பொருந்தவில்லை; டிவியிலும் பிளேயரிலும் ‘ஆட்டோ’, அல்லது இரண்டிலும் ‘லிமிடெட்’. உதடும் குரலும் பொருந்தாவிட்டால் ரிசீவரின் லிப் சிங்க்கை 10 மில்லிசெகண்ட் அளவில் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த ஒயர் வழியாகத்தான் எர்த் சுழற்சி. கேபிள்காரரிடம் சொல்லி ஐசொலேட்டர் போடுங்கள்.

டிஸ்க் உறைவது 100 ஜிபி டிஸ்க்கில் அதிகம். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. ஒரு விரல் ரேகையே லேசரைக் குழப்பப் போதும். புது டிஸ்க்கிலும் தொழிற்சாலைப் படிவு இருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். கறை போகாவிட்டால் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி போட்டுக் கழுவலாம். கடைசி அலசல் போர் தண்ணீரில் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விட்டுப் போகும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க்குகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மயிர் லென்ஸைக் கீறவும் செய்யும்.

ஒரே டிஸ்க் ஒரே இடத்தில் நின்றால் பழுது டிஸ்க்கில். எல்லா டிஸ்க்கும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நின்றால் பிளேயரைத் தொட்டுப் பாருங்கள், சூடு. சிடியும் டிவிடியும் ஓடி, ப்ளூ-ரே மட்டும் எடுக்கவில்லை என்றால் நீல லேசர் போய்விட்டது. ஒவ்வொரு வகைக்கும் லேசர் தனி என்பதால் இப்படி ஆகும். அந்த நிலையில் டிரைவ் முழுவதையும் மாற்றும் செலவை விசாரித்துவிட்டு, புது பிளேயரின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.